நடை சாத்தும் நேரம்

யாரோ ஒருவர் கடையை மூடுகிறார். அந்த யாரோவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார் குனில்லா டீச்சர். வெள்ளைப் பலகையில் யாரோவின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார், மூடுகிற வினைச்சொல்லின் வாலில் ஒரு எஸ் எழுத்தை ஒட்டினார், பின்னால் இருந்த கடை முன்னால் வந்து நின்றுகொண்டது. அஃபேரன் ஸ்டெங்ஸ். கடை மூடப்படுகிறது. மூடின ஆள் போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு எழுத்தில் ஆளையே காணாமல் அடித்துவிடுகிறார்களே, கெட்டிக்காரர்கள்தான் இந்த ஸ்வீடன்காரர்கள் என்று வடிவு நினைத்தாள். நினைத்த சூட்டோடு, அம்மாவின் குரலைக் கேட்டு மூன்று நாளாகிறது என்பதும் வந்து ஒட்டிக்கொண்டது. அதை உதறிவிட்டுப் பலகையைப் பார்த்தாள். எட்டுப் பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கமிருந்து தொடங்கி ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும், யாரோவைத் தூக்கிப் போட வேண்டும். முதலில் சிரியாக்காரர் ஃபாரூக், அடுத்து எரித்திரியப் பெண் செலாம், அதற்கப்புறம் உக்ரைனிலிருந்து வந்த ஒக்சானா, பிறகு வடிவு. குனில்லா டீச்சர் வரிசையை மாற்ற மாட்டார், ஒருத்தரையும் விட மாட்டார். பதில் தெரியாமல் விழிக்கிறவர் வாயைத் திறக்கும்வரை சிரித்த முகமாகக் காத்துக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே ஃபாரூக் வீட்டில் விழுந்து விழுந்து படிக்கிறாராம். வெளியே ஒன்பது மணியாகியும் விடியலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. வெஸ்டரோஸ் ஊரில் டிசம்பர் மாதம் அப்படித்தான். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களில் கிறிஸ்துமஸுக்காகக் காகித நட்சத்திரங்கள் தொங்கின, உள்ளே பல்பு எரிந்தது. ஊரில் இது மார்கழி. அம்மா விடியுமுன் வாசலை அடைத்துக் கோலம் போடுவாள், அதை போனில் படமெடுத்து அனுப்புவாள், அதில் அவளுடைய கால் பெருவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும். இந்த மார்கழி பிறந்து முதல் இரண்டு நாள் படம் வந்தது. அப்புறம் வரவில்லை.

அம்மா போன் கீழ விழுந்துட்டு தாயி, ரிப்பேருக்குக் குடுத்திருக்கு என்றார் அப்பா. குடுத்திருக்கு. யார் கொடுத்தது, எந்தக் கடையில் கொடுத்தது, அதெல்லாம் இல்லை. தமிழிலும் எஸ் எழுத்து இருக்கத்தான் செய்கிறது என்று வடிவுக்கு இப்போது தோன்றியது. முடிவு பண்ணியாச்சு, பேசியாச்சு, சொல்லியிருக்கு, குடுத்திருக்கு. ஆளைத் தொலைப்பதில் நாம் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. மூன்று நாளும் அப்பாதான் போனை எடுத்தார். மணி அடித்து முடியுமுன் எடுத்தார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் எடுக்கிற மாதிரி. முதல் நாள், அம்மா தூங்குதா தாயி என்றார். ராத்திரி சரியாத் தூங்கல, முழிச்சதும் பேசச் சொல்லுதேன். பேசவில்லை. இரண்டாம் நாள், அம்மா குளிக்கா. அம்மா குளிப்பது அரைமணிக் கூத்து, அது சரிதான். ஆனால் குளித்துவிட்டு வந்தாவது கூப்பிட்டிருக்கலாம். இன்று காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கூப்பிட்டாள். பனி தூறிக்கொண்டிருந்தது. இசக்கிராஜ் பக்கத்தில் நின்று அவள் தொப்பியின் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான், கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தட்டாத தட்டு. "அம்மா எங்கப்பா?" என்றாள். "கோயிலுக்குப் போயிருக்கா தாயி. இப்பத்தான் கெளம்பிப் போனா," என்றார் அப்பா. பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது, மடக்கு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிற சத்தம். "என்னப்பா சத்தம்?" "தெருவுல ஏதோ கல்யாணம். சேரு இறக்குதானுவ." அப்பாவின் தொண்டை கட்டியிருந்தது. பனியா என்று கேட்டாள். ஆமா, மார்கழிப் பனி என்றார். பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டாள். ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது, பிறகு ஏன் மனசு அங்கேயே சுற்றுகிறது. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஃபாரூக்கின் முறை வந்தது. யாரோ ரொட்டி சுடுகிறார். ஃபாரூக் யாரோவைத் தூக்கி எறிந்தார், ரொட்டி தானாகச் சுடப்பட்டது. "பிரா," என்றார் டீச்சர். நல்லது என்று அர்த்தம். ஃபாரூக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், அலெப்போவில் அவருக்குச் சொந்தமாக ஒரு ரொட்டிக் கடை இருந்ததாம், அதில் சுட்டதெல்லாம் அவர்தானாம், ஆனால் வாக்கியத்தில் அவருக்கு இடமில்லை. வடிவு சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. டீச்சர் அவளைப் பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தார்? இந்த ஊரில் எல்லாரும் நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்கள், அதற்குப் பழகவே வடிவுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வகுப்பு வாசலில் இசக்கிராஜ் டீச்சரிடம் ஏதோ பேசினான், அதுவா? இன்றைக்கு நானும் கூட வாரேன், ஆபீஸுக்கு லேட்டாப் போனாப் போதும் என்று காலையில் சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். வகுப்பு பஸ்ஸில் நாலு நிறுத்தம்தான், இரண்டு வருஷமாக அவள் தனியாகப் போய் வருகிறாள். வாசலில் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு டீச்சரோடு ஒதுங்கி நின்றான். டீச்சர் ஒரு கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்ன பேசினீங்க என்று கேட்க அவள் திரும்புவதற்குள் கையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டான். பரீட்சைத் தேதி கேட்டிருப்பான். பரீட்சைத் தேதிக்கு யாராவது நெஞ்சில் கை வைப்பார்களா? வைப்பார்கள், இவர்கள் எதற்கும் வைப்பார்கள். அவன் குளித்தது வேறு. முந்தாநாள் பொழுது சாய்வதற்குள் ஆபீஸிலிருந்து வந்தவன் நேராகக் குளியலறைக்குள் போனான், தலை முழுக நனைந்து வெளியே வந்தான். காலையில்தான் குளித்தான். இந்தக் குளிரில் ஒரு தடவை குளிப்பதற்கே அவனைக் கெஞ்ச வேண்டும். "என்னங்க, இன்னொரு தடவையா?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல ஒரே தூசி," என்றான். ஸ்வீடனில் தூசி. அவள் சிரித்தாள். அவன் துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தூசியாகத்தான் இருக்கும். அப்பா பொய் சொல்ல மாட்டார், அதுதான் பெரிய தைரியம். அப்பா பரமசிவம் பாளையங்கோட்டை மின்வாரிய ஆபீஸில் புகார் எழுதுகிற மேஜையில் இருந்தவர். கரண்ட் போச்சு என்று யாராவது போன் செய்தால் தானாப் போகாது, நாங்கதான் நிறுத்தியிருக்கோம், மரம் வெட்டுதோம், நாலு மணிக்குக் கொடுப்போம் என்பார். பக்கத்து மேஜைக்காரர் எல்லாம் வரும் வரும் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார், அப்பாவுக்கு அது ஆகாது. வீட்டிலும் அதே சட்டம்தான். வடிவு ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் ரேடியோவை மேஜையிலிருந்து இழுத்துத் தள்ளிவிட்டாள். சாயங்காலம் அவர் வந்ததும் "ரேடியோ உடைஞ்சி போச்சிப்பா," என்றாள். "தானா உடையுமா?" என்றார் அப்பா. "யாரு உடைச்சா, அதச் சொல்லு." கோபமே இல்லை அவர் குரலில், அதுதான் தாங்க முடியாது. நான்தான் என்று அவள் அழுதுகொண்டே சொன்ன பிறகு பக்கத்தில் உட்காரவைத்து ரேடியோவின் முதுகைக் கழற்றினார். தானா உடையுமா, தானாக் கொட்டுமா, தானாத் தொலையுமா. அந்த வீட்டில் எதுவும் தானாக நடந்ததே இல்லை. அப்படிப்பட்ட மனுஷர் போன் கீழ விழுந்துட்டு, ரிப்பேருக்குக் குடுத்திருக்கு என்கிறாரே. விழுந்துட்டு. யார் போட்டது? வயசாகிறது, பேச்சு மாறுகிறது, எல்லாருக்கும் மாறுகிறதுதானே. வடிவு தன் போனை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா தினமும் விடியற்காலம் ஒரு ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் போடுவார். வெள்ளம் வந்த வருஷம் மொட்டைமாடியில் நின்றுகொண்டு போட்டவர் அவர். மூன்று நாளாக அந்த ரோஜாப்பூவும் வரவில்லை.

செலாமுக்கு பஸ் கழுவுகிற வாக்கியம் வந்தது. யாரோ பஸ்ஸைக் கழுவுகிறார். செலாம் யோசித்தாள், டீச்சர் சிரித்த முகமாகக் காத்திருந்தார். கழுவி விடுவது என்றதும், சாவு வீட்டைக் கழுவி விடுவது என்று நினைப்பு ஓடி, வடிவுக்குச் செண்பகம் வந்து நின்றாள். அத்தை மகள் செண்பகம். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கோவில்பட்டியில் அவளுடைய அப்பா, வடிவுக்கு மாமா, திடீரென்று போய்விட்டார். மாசமாக இருக்கிறவளிடம் சாவைச் சொல்லக் கூடாது, அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவும் கூடாது. செண்பகத்தை இங்கே அனுப்பி வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் வந்தது அம்மாதான். அம்மா பகவதியம்மாள் பொய்யைச் சமையல் மாதிரி செய்வாள், உப்புப் புளி பார்த்து. செண்பகத்தின் போனை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். மாமா வேலை விஷயமாக மெட்ராஸ் போயிருக்கிறார் என்றாள், எந்த ரயில், எந்தப் பெட்டி, யார் கூடப் போனது என்றுகூடச் சொன்னாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வடிவுக்குச் செண்பகத்தின் பக்கத்திலேயே இருக்கிற வேலை. "ஏளா, பொய் சொல்லும்போது முழிக்கக் கூடாது," என்று அம்மா அடுக்களையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "சாதாரணமாச் சொல்லணும். கையில ஒரு வேல இருக்கணும். வெங்காயம் உரிச்சிக்கிட்டே சொல்லு. யாரையாவது காணலன்னு கேட்டா கோயிலுக்குப் போயிருக்காவன்னு சொல்லு. அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாவ." அப்பா அந்த வாரம் முழுக்க செண்பகம் இருக்கிற பக்கமே வரவில்லை. ஒரு தடவை மாட்டிக்கொண்டார். செண்பகம், "எங்கப்பா மெட்ராஸ்ல எங்க தங்கியிருக்காவ மாமா?" என்று கேட்க, அப்பா இருமினார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் இருமினார், லைன் கோளாறு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா அவரைத் தின்னு தீர்த்துவிட்டாள். ஒங்க வாயில ஒரு பொய் ஒழுங்கா வருதா, இத்தன வயசுக்கு என்றாள். செண்பகத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிறகு சொன்னார்கள். செண்பகம் ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை. அப்பா முகத்தைக்கூட எனக்குக் காட்டலியே அத்தை என்று கடைசியில் வந்து மடியில் விழுந்து அழுதாள். நல்லதுக்குத்தானேட்டி செஞ்சேன் என்று அம்மாவும் அழுதாள்.

எதற்கு இப்போது செண்பகம்? சும்மா வந்தாள், நினைப்புக்கு என்ன டிக்கெட்டா எடுக்கிறார்கள். வடிவு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே இருப்பது ஒரு உதை விட்டது, அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒன்று இருந்தது, ஐந்து மாதத்தில் இல்லாமல் போய்விட்டது. கலைஞ்சி போச்சு. அதற்கு மட்டும் அப்பா தானாக் கலையுமா என்று கேட்கவில்லை. அந்த வாரம் அம்மா தினமும் போனில் மணிக்கணக்காக ஒன்றுமே பேசாமல் இருந்தாள், இருக்கியா, இருக்கேன், அவ்வளவுதான், ஆனால் வைக்க மாட்டாள். இந்தத் தடவை மருத்துவச்சி முதலிலேயே கையை நீட்டிச் சொல்லிவிட்டாள். ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, விமானம் கூடாது, மாடிப்படி மெதுவாக, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது. அலட்டாதே என்று சொன்னவுடன் அலட்டாமல் இருக்க மனசு என்ன மின்விசிறியா. போன வாரம் டீச்சர் சில விநோதமான சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். அவற்றின் வாலிலும் அதே எஸ் இருக்கும், ஆனால் ஆள் காணாமல் போக மாட்டார், செய்கிறவர் முன்னாலேயே நிற்பார். நான் மூச்சு விடுகிறேன், நான் நினைத்துப் பார்க்கிறேன், நான் நம்பியிருக்கிறேன். யாக் ஹொப்பாஸ். வடிவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனாள். குழந்தை பிறப்பதற்கும் எஸ் உண்டு, அங்கே குழந்தை தானாகப் பிறப்பதில்லை, பெறப்படுகிறது, அம்மா என்று ஒருத்தி பின்னால் இருந்தே ஆக வேண்டும். சாவதற்கு எஸ் கிடையாது என்றார் டீச்சர். அதை ஒவ்வொருத்தரும் அவரவர்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி லேசாகச் சிரித்தார், வகுப்பும் சிரித்தது. வடிவும் சிரித்தாள். போன வாரம் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள், அதனால் சிரிக்க முடிந்தது.

ஒக்சானா எழுந்து நிற்கவே செய்தாள், அவள் ஊர்ப் பள்ளிக்கூடப் பழக்கம். யாரோ ஆறு மணிக்குத் தேவாலயத்தை மூடுகிறார். தேவாலயம் ஆறு மணிக்கு மூடப்படுகிறது. தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். அடுத்து நான் என்று வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள், வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம், ஓட்டிப் பார்த்தாள். தேவாலயம் ஆறு மணிக்கு. நம்ம ஊர்ச் சிவன் கோயில் ஆறு மணிக்கு எங்கே மூடுகிறார்கள், அப்போதுதானே கூட்டமே வரும், அது பகல் பன்னிரண்டு மணிக்கல்லவா நடை சாத்துவது. பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் திறப்பது சாயங்காலம்தான். பஸ் நிறுத்தத்தில் அவள் கூப்பிட்டபோது இங்கே எட்டு மணி. ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி வித்தியாசம். பன்னிரண்டரை. இப்பத்தான் கெளம்பிப் போனா. சாத்தியிருக்கிற கோயிலுக்கு யார் கிளம்பிப் போவார்கள்? அதிலும் அம்மா? மார்கழியில் அம்மா கோயிலுக்குப் போவது விடியுமுன்னால், பொங்கல் வாங்கிக்கொண்டு ஆறரைக்கெல்லாம் திரும்பிவிடுவாள். எந்தக் கோயிலில் எப்போது நடை திறக்கும், எப்போது சாத்தும் என்று தெருவே அம்மாவிடம்தான் வந்து கேட்கும். அப்பா பொய் சொல்லியிருக்கிறார். அப்பா. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, பிறகுதான் பயம் வந்தது, வந்த பயம் போகவில்லை.

இருக்கட்டும், பொறு, அவசரப்படாதே. வேறு கோயிலாக இருக்கலாம். எந்தக் கோயிலைப் பகல் பன்னிரண்டரைக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். சரி, ஆஸ்பத்திரியாக இருக்கலாம். ஆமாம், ஆஸ்பத்திரிதான். அம்மாவுக்கு நெஞ்சு வலி, சேர்த்திருக்கிறார்கள், அவளிடம் சொன்னால் கலங்குவாள் என்று மறைக்கிறார்கள், அவ்வளவுதான், நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள், வந்து ஏளா உன்னைய நல்லா ஏமாத்திட்டோம்லா என்பாள். யாக் ஹொப்பாஸ். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் அப்பா ஏன் வீட்டில் இருக்கிறார்? அவள் கூப்பிடும்போதெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். அம்மாவை ஆஸ்பத்திரியில் தனியாகப் படுக்கப்போட்டுவிட்டு அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பாரா? நாற்காலிச் சத்தம் மறுபடியும் காதுக்குள் கேட்டது. தெருவுல ஏதோ கல்யாணம். மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்? மார்கழியில் பெண் பார்க்கவே போக மாட்டார்கள், இவர் கல்யாணத்துக்குச் சேர் இறக்குகிறார்கள் என்கிறார். மார்கழிப் பனி என்று அவரே சொன்னார், அதே வாயால் கல்யாணமும் சொன்னார். சேர் இறக்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து எழுந்துபோன சேர்களைத் திருப்பி ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில். கோலம் இல்லாத வாசலில். அங்கே கோலம் போடவில்லை, போடக் கூடாது. இங்கே ஒருவன் சாயங்காலம் தலை முழுகினான். தூசி. சாவுச் செய்தி காதில் விழுந்தால் எங்கே இருந்தாலும் தலை முழுக வேண்டும், அதை அவனுக்கு ஞாபகப்படுத்தி வைத்தவளே வடிவுதான், அவன் தாத்தா போனபோது. முந்தாநாள் சாயங்காலம் அவன் குளித்துவிட்டு வந்து அவளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தான், அவள் நாலு தோசை சாப்பிட்டாள், கூட ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த நேரம் அங்கே எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்டிருப்பார்கள். நான் தோசை சாப்பிட்டேன், அம்மா. பொடி நல்லாயிருக்கு என்று சொன்னேன், அது நீ இடித்து அனுப்பிய பொடி.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். வடிவு மூச்சை இழுத்துக்கொண்டாள். என்னைக் கேளுங்கள், கேட்டுவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம், எப்போதும்போல என் முறையில் என்னைக் கேளுங்கள், நான் தப்பாகச் சொல்கிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டே காத்திருங்கள். டீச்சரின் கண்கள் அவள் முகத்தில் ஒரு கணம் நின்றன, வயிற்றுக்கு இறங்கின, விலகின. அவளைத் தாண்டி, அடுத்த நாற்காலியில் இருந்த தாய்லாந்துப் பெண்ணிடம், நீ சொல் என்றார் மெதுவாக. தாய்லாந்துப் பெண் புரியாமல் வடிவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். ஃபாரூக் தலையை நீட்டிப் பார்த்தார். இந்த வகுப்பில் யாரையும் தாண்டியது கிடையாது. காய்ச்சலோடு வந்தவரைக்கூடத் தாண்டியது கிடையாது. அப்போது இவருக்கும் தெரியும். பாளையங்கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இந்த அம்மாளுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும், சேர் ஏற்றினவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வடிவு கையைத் தூக்கினாள். டீச்சர் தலையசைத்தார். "கோயில் பன்னிரண்டு மணிக்கு மூடப்படுகிறது," என்றாள் வடிவு, ஸ்வீடிஷில், ஒரு எழுத்துப் பிசகாமல். "பிரா, வடிவு," என்றார் டீச்சர், அவர் கை தானாகப் போய் நெஞ்சில் உட்கார்ந்தது. வடிவு போனை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

வராந்தாவில் கோட்டுகள் தொங்குகிற வரிசைக்குக் கீழே பெஞ்சில் இசக்கிராஜ் உட்கார்ந்திருந்தான். ஆபீஸுக்குப் போகவே இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தான், "வடிவு" என்றான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இவனைக் கேட்கக் கூடாது, இவன் சொல்லக் கூடாது, இவன் சொன்னால் காலம் பூராவும் இவன் முகத்தில்தான் அது இருக்கும். சுவரில் சாய்ந்துகொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து முடியவில்லை. "என்ன தாயி, கிளாஸ் முடிஞ்சிட்டா?"

"இல்லப்பா. அம்மா கோயில்லேருந்து வந்துட்டாளா?"

"வந்துட்டா." ஒரு இருமல். கண்ணாடியைக் கழற்றியிருப்பார். "வந்து இப்பத்தான் படுத்தா. எழுப்பட்டுமா?"

எழுப்பட்டுமா என்கிறாரே. எப்படி எழுப்புவீர்கள் அப்பா, என்னிடம் இதை ஏன் கேட்கிறீர்கள். சரி, எழுப்புங்கள் என்று சொல்லிவிட வேண்டும்போல் ஒரு வெறி வந்தது அவளுக்கு, என்ன செய்வார் பார்ப்போம் என்று. செண்பகம் மடியில் விழுந்து அழுதது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அங்கே அப்பா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார், இந்த மூன்று நாளும் இப்படித்தான், செய்து பழக்கமில்லாத வேலையை ஒற்றை ஆளாகச் செய்துகொண்டு, அவள் அடுத்து என்ன கேட்பாளோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெறி வந்த வேகத்திலேயே வடிந்துபோயிற்று.

"வேண்டாம்பா. தூங்கட்டும். நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் தாயி."

"யாரு ஆக்குனா?"

அங்கே யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, ஒரு பெண் குரல் என்னமோ கேட்டது. அப்பா புகார் மேஜைக் காலத்துக் குரலில் கேட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலப்பா. தெரிஞ்சி போச்சி."

தானாத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது, இழுத்து இழுத்து. வடிவின் வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது, அவள் அங்கே கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். இசக்கிராஜ் பக்கத்தில் வந்து நின்றான், தொடவில்லை.

"எனக்கு ஒழுங்காச் சொல்ல வரல தாயி," என்றார் அப்பா. "ஒங்கம்மான்னா சரியாச் சொல்லியிருப்பா."

"ஆமாப்பா," என்றாள் வடிவு.